கொந்தரப்பும் ஊர்ப்பணமும்

டயகமத் தோட்டங்களில் வழங்கும் சொற்களுள் 'கொந்தரப்பு' என்பது ஒன்று. நாட்சம்பளத்துக்கன்றி, முழுவேலைக்கும் இன்ன தொகை எனப் பேசி முடிவு செய்து ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுதலே கொந்தரப்பாம். கான் வெட்டுதல், கவ்வாத்து, பாதை செப்பனிடுதல் ஆகியன கொந்தரப்பாகக் கொடுக்கப்படுவதுண்டு. நகரத்தார் ஒப்பந்தம் என்றும் கேள்விப்பத்திரம் என்றும் எழுத்தில் வழங்குவதைத் தோட்டத்தார் இச்சொல்லால் பேச்சில் வழங்குவர். ஆயினும் இரண்டுக்குமிடையே ஒரு வேற்றுமை உண்டு. தோட்டக் கொந்தரப்பில் கைமாறுவது முதலாளியின் பணம். மாநகர சபையும் நகர சபையும் பிரதேச சபையும் கொடுக்கும் ஒப்பந்தத்திலோ, வரி கொடுத்த ஊராரின் பணம் கைமாறுகின்றது. அப்பணத்தைச் செலவிடும் முறை நம் நாட்டில் எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், அம்முறையில் மலைநாட்டுத் தோட்ட மக்கள் எங்கே நின்றார்கள் என்பதையும் சிறிது ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் நாட்டிலே ஊர்ப்பண மேற்பார்வைக்குச் சான்று தேடுவோர் உத்தரமேரூருக்கே முதலிற் செல்வர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் 921ஆம் ஆண்டுகளில் அவ்வூர்ச் சபை நிறைவேற்றிய தீர்மானங்கள் கல்லில் உள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, குடவோலை வாயிலாக வாரியங்களுக்கு உறுப்பினர் தெரியப்பட்டனர். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என வேலைகள் வகுக்கப்பட்டன. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவனுடைய உறவினரும் மீண்டும் குடம் புகத் தகார் என அச்சாசனம் விதிக்கின்றது. தாய்வழி, தந்தைவழி, மனைவிவழி உறவுகளை ஒவ்வொன்றாக எண்ணி விலக்குகின்றது. தன் மைத்துனனுக்கு ஒப்பந்தம் கொடுக்கும் உறுப்பினனை இன்றைய சட்டங்கள் எத்துணையோ பக்கங்களில் தடுக்க முயல்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அந்நோய் அறியப்பட்டிருந்தது என்பதற்கு இக்கல்வெட்டே சான்றாம். ஆனால் இதனைக் குடியாட்சியின் பொற்காலம் எனப் புகழ்வோருடன் எனக்கு முழு உடன்பாடு இல்லை. உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையார் பெயரே ஓலையில் எழுதப்பட்டது. ஏரியில் மண் சுமந்தார் பெயர் எழுதப்படவில்லை. ஊரின் செலவைப் பற்றிப் பேசும் உரிமை ஊரில் வாழும் எல்லார்க்கும் உண்டா என்ற வினா அன்றே எழுந்திருக்கவேண்டும். அவ்வினா பின்னரும் நம்முடன் வரும்.

இலங்கையில் அரசாங்க ஏலம் என்பது பெருவழக்காயது ஐரோப்பியர் காலத்தில். 'ரெந்தா' என்னும் போர்த்துக்கேயச் சொல் சிங்களத்தில் 'ரேந்த' என இன்றும் வாழ்கின்றது. வரி வாங்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தல் என்பது அதன் பொருள். ஒல்லாந்தர் இதனைத் தொடர்ந்தனர். ஆங்கிலேயர் மேலும் விரித்தனர். சாராயம் விற்கும் உரிமை, பாலங்களிலும் பாதைகளிலும் ஆயம் வாங்கும் உரிமை, நெல்வரி தண்டும் உரிமை ஆகிய மூன்றும் குறித்த காலத்துக்குக் கூடிய விலை கூறினோருக்குக் கொடுக்கப்பட்டன. வேலைக்காகக் குறைந்த விலை கூறியவனைத் தெரிதல் இக்காலக் கேள்விப்பத்திரம். வரி வாங்குவதற்காகக் கூடிய விலை கூறியவனைத் தெரிதல் அக்காலக் குத்தகை. திசை வேறாயினும் இரண்டுக்கும் உயிர்நாடி ஒன்றே. போட்டி உண்மையாக இருந்தாலன்றி இரண்டும் பொருளற்றனவாம்.

போட்டி உண்மையாக இருந்ததா? சாராயக் குத்தகையின் வரலாற்றை ஆராய்ந்தோர் இல்லை என்றே காட்டுகின்றனர். ஏலத்துக்கு முன்பே குத்தகைக்காரர் தம்முட் கூடிப் பேசி, இந்த மாகாணம் இவருக்கு, அந்த மாவட்டம் அவருக்கு எனப் பிரித்துக்கொள்வர். ஏலநாளில் ஒருவர் விலை கூறுவார்; ஏனையோர் வாய் திறவார். விலகி நின்றவர்க்குப் பங்கோ பணமோ உண்டு. அரசாங்க அதிபர்கள் இதனை அறியாதவர் அல்லர். வாய்மொழி ஏலத்தை விட்டு முத்திரையிட்ட விலைமனுக்களைக் கோரிப் பார்த்தனர்; விலை போதாதெனத் தள்ளி மறுபடியும் கோரிப் பார்த்தனர். பெருந்தொகைக்குப் பிணை கொடுக்கவல்லார் சிலரே ஆதலின், எப்படிக் கோரினும் அச்சிலரே வந்து நின்றனர்.

அவ்வாறு திரண்ட செல்வம் எங்கே சென்றது என்பது மலைநாட்டார்க்கு மிகவும் உரிய செய்தி. சாராயத்தைக் கண்டிச் சீமைக்கு ஏற்றிவந்த மாட்டுவண்டிகள் வெறுமனே திரும்பவில்லை. கோப்பிக்கொட்டையை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்கின. சாராயக் குத்தகையில் பொருளீட்டிய மொறட்டுவை ஜெரோனிஸ் டி சொய்சா ஹங்குரன்கெத்தையில் அரசாங்கக் கோப்பித் தோட்டத்தை வாங்கினார். 1853இல் முதலியார் பட்டமும் பெற்றார். அவர் மகன் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா 1870இல் இலங்கை வந்த அல்பிரட் இளவரசருக்குக் கொழும்பில் விருந்தளித்த பெருஞ்செல்வர். மருத்துவமனையும் பள்ளியும் அமைத்து நற்பெயர் ஈட்டிய குடும்பம் அது. ஈண்டு அவர்களைப் பழித்தல் என் கருத்தன்று. இலங்கை முதலாளி வகுப்பின் தோற்றத்தைச் சாராயக் குத்தகையோடு பொருத்திக் காட்டிய குமாரி ஜெயவர்த்தனாவின் நூலைப் படித்தபொழுது எனக்குத் தோன்றிய எண்ணம் வேறு. சாராயக்கடைகள் தோட்டங்களின் ஓரங்களிலும் நின்றன. திருச்சிராப்பள்ளியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் மன்னார் வழியே நடந்து வந்த கூலியாளின் காசும் அங்கே விழுந்தது. குத்தகைத் தொகையின் ஒரு பகுதியை அவனே கொடுத்தான் என்று சொல்லலாம். ஏலம் நடந்த மண்டபத்தை அவன் கண்டதில்லை.

நெல்வரிக் குத்தகை 1878ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தால் நீங்கியது. குத்தகைக்காரன் ஒழிந்தமையால் குடியானவன் பிழைத்தான் எனக் கருதுதல் தவறு. அதற்கு ஈடாக வந்த நிலையான பணவரியைக் கட்டமாட்டாது நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பகுதிச் சிங்களக் குடியானவர் பலர் வயலை இழந்தனர். அவ்வவலத்தை வெளிப்படுத்தியவர் அம்மாவட்டத்து உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியர். 1892இல் அவ்வரி நீக்கப்பட்டது. கெட்ட முறை ஒன்றைக் களைந்தவுடன் நல்ல முறை தானே வந்துவிடாது என்பதற்கு இதனினும் அணித்தான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. சாராயக் குத்தகை மட்டும் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டம் வரை நீடித்தது.

இனி, வேலை ஒப்பந்தத்துக்கு வருவோம். இத்தீவில் நடந்த ஒப்பந்தங்களுள் மிகப் புகழ்பெற்றது கொழும்பு–கண்டிப் புகைவண்டிப் பாதையே. இதன் வரலாறு சற்று விரிவாகச் சொல்லத்தக்கது.

கோப்பித் துரைமாரின் தூண்டுதலால் 1845இல் இலங்கை இருப்புப்பாதைக் கம்பனி தோன்றியது. 1856இல் பிரித்தானியக் குடியேற்ற நாட்டு அமைச்சு அக்கம்பனியோடு தற்காலிக உடன்படிக்கை செய்தது. 79 மைல் பாதைக்கு மதிப்பீடு 8,56,557 பவுண். 1858இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முன்னிலையில் முதல் மண் வெட்டப்பட்டது. விழா முடிந்த பின்னர் கம்பனியின் பொறியியலாளர் டொய்ன் மலையையும் பள்ளத்தையும் அளந்து பார்த்துப் புதிய மதிப்பீடு கொடுத்தார்: 22,14,000 பவுண்! ஏறத்தாழ இரண்டரை மடங்கு. வேலை தொடங்குமுன் குறைந்த தொகை கூறி, தொடங்கியபின் கூட்டும் வழக்கம் நம் காலத்துக் கண்டுபிடிப்பன்று என்பதை மாணாக்கர் குறித்துக்கொள்க. எனினும் டொய்னைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. முதலில் அளந்தவரே மலையைச் சரியாக அளக்காதவர் எனவும் கொள்ளலாம். எவ்வாறாயினும் 1861இல் உடன்படிக்கை முறிக்கப்பட்டது. பங்குப்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேலையை அரசாங்கமே பொறுப்பேற்றது.

1862ஆம் ஆண்டின் இறுதியில் கேள்விப்பத்திரங்கள் கோரப்பட்டன. தெரிவு நடந்தது இலண்டனில். குடியேற்ற நாடுகளுக்கு வேண்டிய பொருள்களை வாங்கிக் கொடுத்த முடிக்குரிய முகவர்கள் டபிள்யூ. எப். பவியல் என்பாரின் விலைமனுவை ஏற்றனர். 1863இன் தொடக்கத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1864இன் இறுதியில் அம்பேபுசை வரை வண்டி ஓடிற்று. கடுகண்ணாவைச் சரிவின் கற்பாறைகளைக் குடைந்து 1867இல் கண்டியை அடைந்தது. உரிய காலத்தில் உரிய முறையில் முடிந்த ஒப்பந்தம் என இது பாராட்டப்படுகின்றது. பாராட்டத் தக்கதே.

ஆயினும் அந்தப் பவியல் யார்? இந்தியாவின் முதற் புகைவண்டி 1853இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடிய பாதையைச் சமைத்தோருள் ஒருவர். பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலையின் போர்க் கணவாய்ப் பாதையை ஒப்பந்தத்தில் எடுத்தார். ஆங்கு வேலை துணை ஒப்பந்தக்காரர் பலர்க்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. கூலி உரிய நாளில் கூலியாள் கையில் சேரவில்லை. 1859 ஜனவரியில் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். ஐரோப்பிய மேற்பார்வையாளரோடு கைகலப்பு மூண்டது. அவ்வாண்டிலேயே பவியல் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்து ஏற்ற சொலமன் ட்ரெட்வெல் சில வாரங்களில் நோயால் இறக்க, அவர் மனைவி அலிஸ் அம்மையார் பொறியியலாளரை அமர்த்தி வேலையை முடிப்பித்தார். ஒப்பந்தக்காரரின் தகுதியை ஆராய்வோர் அவர் எத்தனை மைல் பாதை போட்டார் என்று கேட்பர்; எத்தனை பேருக்குக் கூலி பாக்கி வைத்தார் என்று கேட்பதில்லை. நான்கு ஆண்டுக்கு முன்னர் நடந்ததை இலண்டன் முகவர்கள் எவ்வளவு எடைபோட்டனரோ அறியேம். ஒப்பந்தம் அவருக்கே வந்தது.

அப்பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் நீண்டது. டயகமத்தார் இன்றும் லிந்துலை வழியே இறங்கித் தலவாக்கலையில் ஏறும் வண்டி அந்த நீட்சியில் ஓடுவதே.

நகராட்சியின் கதை இதற்கு இணையாக ஓடுகின்றது. 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால் கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபைகள் வந்தன. விளக்கு, நீர், குப்பை, இறைச்சிக்கடை, சந்தை என நகர வாழ்வுக்கு வேண்டிய யாவும் ஒப்பந்தத்தாலும் குத்தகையாலும் நடத்தப்பட்டன. கொழும்பின் மின் டிராம் வண்டிகள் 1899இல் ஒரு தனியார் கம்பனியின் உரிமையில் ஓடத் தொடங்கி, 1944இல் மாநகர சபையின் கைக்கு வந்தன. தனியார்க்கு விட்டதைச் சபை திரும்ப ஏற்ற நிகழ்ச்சி என்ற வகையில் அது தனியே ஆராயத்தக்கது, ஈண்டு இடமில்லை.

ஆனால் 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டத்தைக் குறிப்பிடாமற் செல்ல இயலாது. ஒப்பந்தம் பெற்றுத்தருமாறு செல்வாக்குள்ளவனுக்குக் கொடுப்பது குற்றம் என அச்சட்டம் கூறியதில் வியப்பில்லை. அதற்கு அடுத்ததாக மற்றொரு குற்றத்தையும் அது வகுத்தது: விலைமனுச் செய்த ஒருவன் அதனை மீளப்பெறும்படி மற்றொருவன் கைம்மாறு கொடுத்தல். சாராயக் குத்தகைக்காரர் ஏலமண்டபத்தில் செய்ததை நினைவுகூர்க. விலகி நின்றவனுக்குக் கிடைத்த பங்கு, நூறாண்டுக்குப்பின் சட்டநூலில் குற்றமாக ஏறிற்று. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் இப்பொழுது அச்சட்டத்தின் இடத்தில் நிற்கின்றது.

இவ்வளவும் நகரத்துக்கும் கிராமத்துக்கும். தோட்டம் எங்கே? அட்டனிலும் தலவாக்கலையிலும் கடைத்தெருவுக்கு நகர சபை உண்டு. அக்கடைத்தெரு முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் சபையின் கை நின்றுவிடும். கிராமச் சங்கத் தேர்தலில் தோட்ட லயங்களில் வாழ்வோர்க்கு வாக்கில்லை என 1930களின் இறுதியிலேயே சட்டம் வகுக்கப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாட்டுரிமையையே பறித்தது. 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி உடன்படிக்கை, 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம், 1992இல் தோட்டங்கள் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றமை ஆகியவற்றை இம்மலரின் வாசகர் நன்கறிவர்.

அறியாதிருத்தல் கூடும் ஒன்றைச் சொல்கின்றேன். குடியுரிமையும் வாக்கும் மீண்டுகொண்டிருந்த காலத்திலே, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகக் கொள்ளப்பட்டது. தோட்டம் தனியார் நிலம் என்பது காரணம். விளைவு விசித்திரமானது. தோட்டத் தொழிலாளி வாக்களித்து உறுப்பினரைச் சபைக்கு அனுப்பலாம். அவ்வுறுப்பினர் சபையின் பெறுகைகளைக் கண்காணிக்கலாம். ஆனால் வாக்களித்தவனின் லயத்துக்கு ஒரு மதகு கட்டவோ, பிள்ளைகள் நடக்கும் பாதைக்குக் கல் இடவோ சபை கேள்விப்பத்திரம் கோருவதற்குச் சட்டம் குறுக்கே நின்றது. முறைகேடான ஒப்பந்தம் என்னும் குற்றச்சாட்டு எழுவதற்குக்கூட ஓர் ஒப்பந்தம் வேண்டுமன்றோ?

அந்நிலை முப்பத்தோராண்டு நீடித்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தடை நீங்கிற்று. அதே ஆண்டின் தேர்தலோடு, நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகியன புதியன. டயகம இப்பொழுது அக்கரப்பத்தனைச் சபையின் ஆளுகையில் உள்ளது. உத்தரமேரூரில் ஓலையில் பெயர் எழுதப்படாத மக்களுக்கு ஒப்பாக இருந்தோர் தம் பெயரை எழுதும் காலம் வந்தது எனலாம். ஆனால் சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தபொழுது அடுத்த தேர்தல் நடக்கவில்லை. 2025 மே 6ஆந் தேதி வரை, ஈராண்டுக்கு மேலாக, தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இன்றி அதிகாரிகளே சபைகளை நடத்தினர். ஒப்பந்தங்கள் அக்காலத்திலும் கொடுக்கப்பட்டன. சபைக்கூட்டத்தில் எழுந்து கேட்பார் இல்லை.

தேசிய அளவிலும் இத்தகைய ஏற்றவிறக்கம் உண்டு. அரசாங்கக் கொள்வனவைக் கண்காணிக்கும் தேசிய பெறுகை ஆணைக்குழுவை 2015இல் 19ஆம் திருத்தம் அமைத்தது. 2020இல் 20ஆம் திருத்தம் அதனை நீக்கிற்று. 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் உயிர்ப்பித்தது. ஏழாண்டில் ஓர் ஆணைக்குழு பிறந்து, இறந்து, மறுபிறவி எய்தியது. நெறிமுறைகள் எழுத்தளவில் நல்லனவே. விலைமனுக்கள் குறித்த நேரத்தில் மூடப்பட்டு, உடனே விலைகூறியோர் முன்னிலையில் திறக்கப்படல் வேண்டும். தொழினுட்ப மதிப்பீட்டுக் குழு ஆராய வேண்டும். பெறுகைக் குழு முடிவு செய்ய வேண்டும். சிறு கொள்வனவாயின் குறைந்தது மூன்று விலைகள் கேட்கப்படல் வேண்டும்.

இம்மூன்று விலைகளைப் பற்றி என் அனுபவம் ஒன்றுண்டு. ஆசிரியனாய்ச் சேர்ந்த புதிதில், வேறொரு மலைநாட்டுப் பாடசாலையில், மேசை கதிரை வாங்கும் குழுவில் என்னையும் ஓர் உறுப்பினனாக இட்டனர். மூன்று கடைகளின் கடிதத் தலைப்பில் மூன்று விலைமனுக்கள் வந்தன. ஒன்றைவிட ஒன்று சிறிதளவே கூடியிருந்தது. மூன்றையும் ஒருங்கே விரித்து வைத்துப் பார்த்தபொழுது, ஏழு என்னும் இலக்கத்தின் நடுவே மூன்றிலும் ஒரே வகைக் குறுக்குக்கோடு. மை ஒன்று, எழுத்தின் சாய்வு ஒன்று, 'கதிரை' என்னும் சொல்லில் விட்ட பிழையும் ஒன்று. அருகிலிருந்த மூத்த ஆசிரியரிடம் காட்டினேன். அவர் அதனை என்னினும் முன்பே கண்டிருந்தார். "தம்பி, பிள்ளைங்க தரையில ஒக்காந்திருக்காங்க. இத திருப்பி அனுப்பினா அடுத்த வருசந்தான் வரும். கையெழுத்த போடுங்க" என்றார். அவர் தீயவர் அல்லர். அப்பாடசாலைக்காகத் தம் கைப்பணத்தைச் செலவிட்டவர். அவர் கூறிய காலக்கணக்கும் பொய்யன்று. காசு அவ்வாண்டுக்குள் செலவாகாவிடின் திறைசேரிக்குத் திரும்பிவிடும்.

சாராய ஏலத்தில் வாய் திறவாது நின்றோரைப் பற்றிப் படிக்குந்தோறும் இந்நிகழ்ச்சி எனக்கு நினைவுக்கு வருகின்றது. அவர்கள் பங்கு பெற்று வாய் மூடினர். நாங்கள் பங்கின்றி மூடினோம். கதிரைகள் வந்தன. மரம் பச்சை மரம். மலைநாட்டு ஈரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. கால் ஒடிந்தவற்றை வகுப்பறையின் மூலையில் அடுக்கிவைத்தோம், அரசாங்கச் சொத்தை எறிய அனுமதி இல்லாமையால்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பொது நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தக் கோப்பைக் காட்டும்படி எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம்; கேட்பதற்குக் காரணம் கூறவேண்டுவதில்லை. என் மாணவன் ஒருவன், தோட்டத்துக் கங்காணியின் பேரன், சென்ற ஆண்டு வகுப்பில் எழுந்து, "சேர், அப்படிக் கேட்டு யாராவது பாத்திருக்காங்களா?" என்று வினவினான். விண்ணப்பப் படிவத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். எந்தக் கோப்பைக் கேட்பது என்று அவர்களே தெரிவு செய்யட்டும் என விட்டேன். மேற்சொன்ன பாடசாலையின் கதையையும் அன்று அவர்களுக்குச் சொன்னேன். அக்கோப்பு இன்னும் எங்கேனும் இருக்குமாயின், மூன்று விலைமனுக்களின் கீழே உள்ள கையொப்பங்களுள் மூன்றாவது என்னுடையது.